செல்லாத தண்ணீர்

புத்தகம் படிக்கிற பொம்பளைக்கு ஊர் என்ன பட்டம் கட்டுமோ அதைப் பாக்கியத்துக்கும் கட்டி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எதிரே வந்தால் “சாமியாரம்மா” என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வது வேறு. அதை எழுதி என் கையை ஏன் அழுக்காக்கிக்கொள்ள வேண்டும்? தேவாரம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற அந்த ஊரில் எண்பது வீடும் கத்தோலிக்க வீடு. மணி அடித்தால் முழங்கால் போடுவார்கள். ஆனால் வேதத்தில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று புத்தகத்தைத் திறந்து பார்க்கிற வழக்கம் மட்டும் அங்கே கிடையாது. அது மிக்கேல் உபதேசியார் வேலை. பங்குச் சாமியாருக்கு நாலு ஊர். அவர் இல்லாத நாளில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதும், செத்தவர்களைப் புதைப்பதும் மிக்கேல்தான். அவர் வாயிலிருந்து வந்தால் அது வேதவாக்கு.

பாக்கியம் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். போடியில் ஞானசிகாமணி முதலாளியின் ஏலக்காய் கிட்டங்கியில் காய் பொறுக்குகிற வேலை. பச்சைக்காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. நாள் முழுக்க அதே. போகிற பஸ்ஸிலும் வருகிற பஸ்ஸிலும் மடியில் ஒரு புத்தகம் இருக்கும். பக்கம் புரட்டுகிற விரலில் ஏலக்காய் வாசம் போகாது.

அவள் பொழுதுபோக்காகப் படிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது: என் பிள்ளை எங்கே?

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்குப் பிரசவம் ஆயிற்று. பக்கத்து ஊர் இந்து மருத்துவச்சி சுருளியம்மாள்தான் பார்த்தாள். பெண் பிள்ளை. கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது, பிறகு இல்லை. ரத்தம் போய் மயங்கிக் கிடந்த பாக்கியம் மறுநாள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கள்ளிச்செடி ஓரமாகப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் வைக்கக் கூடாதாம். அந்தப் பிள்ளைக்கு மோட்ச வாசலும் திறக்காதாம்.

அவள் புருசன் இன்னாசி அன்றைக்கே கேட்டிருக்கிறான். “மாமா, சுருளியம்மா என்னமோ தண்ணி ஊத்தி மந்திரம் சொன்னாளாமே?”

மிக்கேல் அவனுக்குத் தாய்மாமன். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. “அஞ்ஞானி கையால ஊத்துன தண்ணி செல்லாதுடா.”

செல்லாது! தீர்ப்பு அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓரவஞ்சனை பண்ணினார் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய சொந்த மகள் லூர்து மேரியின் தலைப்பிள்ளை பிறந்து இறந்தபோதும் அதே சுருளியம்மாள்தான் பிரசவம் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கும் சுவருக்கு வெளியேதான் குழி வெட்டச் சொன்னார். அந்த நெஞ்சுரத்தை ஊரே இன்னும் மெச்சிக்கொண்டிருந்தது. நெஞ்சுரமாம், மண்ணாங்கட்டி.

பாக்கியத்துக்கு அதன் பிறகு வயிறு திறக்கவில்லை. கிட்டங்கியில் ஒரு நாள் காய்த் தட்டின் முன்னால் அவள் அழுதுகொண்டிருந்ததை முதலாளி சம்சாரம் கிருபாவதி பார்த்தாள். அவர்கள் புரோட்டஸ்டண்ட் குடும்பம். வீட்டில் ஒரு பீரோ நிறையக் கிறிஸ்தவப் புத்தகங்கள். அதில் ஒன்றைக் கொடுத்தாள். பிறகு இன்னொன்று. அப்படியே நாலைந்து வருஷத்தில் பாதி பீரோவைப் பாக்கியம் படித்து முடித்தாள். பச்சைப் பிள்ளைகளைக் கர்த்தர் தள்ள மாட்டார் என்று அவற்றில் இருந்தது. படிக்கும்போது மனசு ஆறும். ஊருக்கு வந்து அந்தச் சுவரைப் பார்த்தால் மறுபடி எரியும். போதாததற்குப் பதிதர் புத்தகம், சபையை விட்டுப் போனவர்கள் புத்தகம் படிக்கிறாள் என்று மிக்கேல் கோவிலிலேயே எல்லார் முன்னாலும் ஏசினார்.

கிருபாவதியிடம் சொல்லி அழுதாள். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். “எங்க புத்தகத்தை உங்க சாமியார் கையால தொடுவாரா, பாக்கியம்? உங்க சபைப் புத்தகத்துலயே தேடிப் பாரு. அங்கன இல்லாமயா போகும்?”

அறுபத்தெட்டில் ஒரு கோவில் திருவிழாவுக்குப் போனபோது, செபமாலையும் சுரூபமும் விற்கிற கடையில் தடிமனான ஒரு ஞானோபதேச விளக்கம் கிடந்தது. சூடுபட்ட பூனை இல்லையா, பாக்கியம் முதலில் முதல் பக்கத்தைத்தான் புரட்டினாள். மேற்றிராணியார், அதாவது பிஷப், அனுமதியோடு அச்சிட்டது என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் விலை கேட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து திரும்புகையில், பஸ் சிலமலை தாண்டும்போது அந்தப் பக்கம் வந்தது. ‘சாவு ஆபத்தான வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடியவர் யார்? யாரும் கொடுக்கலாம். அஞ்ஞானியும் கொடுக்கலாம். திருச்சபை செய்கிறதைச் செய்ய வேண்டும் என்ற கருத்தோடு, தலையில் தண்ணீர் வார்த்து, வார்த்தைகளைத் தப்பாமல் சொன்னால் செல்லும்.’

செல்லும்! அவள் அதை நாலு தடவை படித்தாள். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. கண்டக்டர் திட்டிக் கோம்பையில் இறக்கிவிட, அங்கிருந்து புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். வழியில்தான் அந்த நினைப்பு வந்தது. சுருளியம்மாள் என்ன சொன்னாளோ? ஒரு வார்த்தை தப்பியிருந்தால்?

நேரே மிக்கேல் வீட்டுக்குப் போனாள். அவர் படிக்கவில்லை, புத்தகத்தைத் தட்டிவிட்டார்.

“எனக்கே வேதம் சொல்ல வந்துட்டியா? முப்பது வருசமா இந்த ஊருக்கு உபதேசியார் நானு.”

“முதப் பக்கத்தைப் பாருங்க மாமா. மேற்றிராணியார் அனுமதி இருக்கு.”

“ஏலே இன்னாசி! உம் பொண்டாட்டியை இழுத்துட்டுப் போ. இல்ல, இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதீக ரெண்டு பேரும்.”

பின்னால் ஓடி வந்து நின்ற இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். பாக்கியம் கீழே கிடந்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, கையோடு பங்குச் சாமியாரைப் பார்க்கக் கிளம்பினாள். சவரியப்ப சாமியார் பங்குக்குப் புதுசு. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் அந்தப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார்.

“புத்தகம் சரியாத்தான் சொல்லுது. ஆனா அன்னைக்கு அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு நமக்குத் தெரியாதே. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவங்களை வரச் சொல்றேன். நானே கேக்குறேன். தப்பா இருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது, சம்மதமா?”

“சம்மதம் சாமி.”

“இன்னொண்ணு. அதுவரைக்கும் நீ அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீ சொல்லிக் குடுத்து அவங்க சொன்னா அது சாட்சி இல்லை.”

அன்று புதன்கிழமை. நாலு நாள். அந்த நாலு நாளும் பாக்கியம் பட்டதை எதிராளிக்குக்கூடக் கடவுள் கொடுக்கக் கூடாது. தட்டில் பச்சைக்காயும் வெடித்த காயும் கலந்து போயின. மேஸ்திரி சத்தம் போட்டான். சரியாகச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவள் மடியில் புத்தகத்தில் இருந்தன. சொல்ல வேண்டியவள் ஒரு மைல் தூரத்தில் இருந்தாள். நடுவே தடுக்க ஆளில்லை.

வியாழக்கிழமை இன்னாசி சொன்னான். “நீதான பேசக் கூடாது? நான் போயிச் சொல்லிக் குடுத்துட்டு வந்துர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?”

பாக்கியத்துக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. தட்டாமல் இருக்க அவள் என்ன கல்லா? ஆனால், “வேணாம்ங்க. இன்னைக்குச் சொல்லிக் குடுத்த வார்த்தை அன்னைக்குப் பிள்ளை மேல ஊத்துன வார்த்தை ஆயிருமா? சுவருக்கு உள்ள வந்தாலும் அது பொய்யால வந்ததா இருக்கும்” என்றாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

சனிக்கிழமை சோதனை பஸ்ஸிலேயே ஏறி வந்தது. தேவாரத்தில் ஏறிய சுருளியம்மாள், இவளைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“என்ன ஆத்தா, நல்லாருக்கியா? நாளைக்கு உங்க சாமியார் என்னைய வரச் சொல்லி ஆள் விட்டிருக்காக. என்ன வெசயம்?”

பாக்கியம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏ ஆத்தா, எம் மேல என்ன கோவம்? நான் என்ன செஞ்சேன்?”

பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் பாக்கியம். கண்ணீர் மடியில் இருந்த புத்தகத்து மேல் சொட்டியது. கிழவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முகம் வாடி எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். தன் பிள்ளைக்குத் தண்ணி ஊற்றிய மனுஷியை அப்படி நோகடித்ததற்குப் பாக்கியம் அன்றைக்குப் பட்ட வேதனை கொஞ்சமில்லை.

ஞாயிறு. பூசை முடிந்து ஊர் கலையவில்லை. சாமியார் பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தூணோரம் மிக்கேல். படிக்குக் கீழே இன்னாசியும் பாக்கியமும். சுருளியம்மாள் இத்தனை கூட்டத்தைப் பார்த்து மிரண்டு போயிருந்தாள்.

“பயப்படாதீங்கம்மா. ஆறு வருசத்துக்கு முந்தி இந்தப் பாக்கியத்தோட பிள்ளைக்குத் தண்ணி ஊத்துனீங்களா?”

“ஊத்துனேன் சாமி. மிசன் ஆசுபத்திரி மதர் சொல்லிக் குடுத்தாக. வேதக்காரப் பிள்ளை சாகக் கெடந்தா இப்படிச் செய்யணும்னு.”

“என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.”

கிழவி வாயைத் திறந்தாள். “பிதாவே...” நின்றாள். “எங்க பிதாவே... இல்ல... பிதா...” மறுபடி நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள்.

மிக்கேல் தொண்டையைக் கனைத்தார். பாக்கியத்தின் வாய் தானாக அசையப் பார்த்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். சரியான வார்த்தை நாக்கு நுனியில் நிற்க, அது தப்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, அந்தக் கொடுமையை என்ன சொல்ல!

“சும்மா சொல்லச் சொன்னா எப்படி வரும் சாமி?” என்று சட்டென்று கோபப்பட்டாள் கிழவி. “தண்ணி கொண்டாங்க. கையில பிள்ளை வேணும்.”

செம்பில் தண்ணீர் வந்தது. இன்னாசி தோளில் கிடந்த துண்டை உருவிச் சுருட்டி நீட்டினான். கிழவி அதை இடது கையில் வாங்கிய விதத்திலேயே கூட்டம் அடங்கிவிட்டது. கழுத்து தொங்காமல் முழங்கை மடிப்பில் தலையைத் தாங்கினாள். குனிந்தாள். வலது கை செம்பைச் சாய்க்க, வாய் தானாகச் சொன்னது.

“சுருளியம்மா, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே நான் உன்னை ஞானஸ்நானம் பண்ணுறேன்.”

பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேருக்கும் மூன்று தடவை தண்ணீர். ஒரு சொல் தப்பவில்லை.

“பாத்தீகளா சாமி!” மிக்கேல் பாய்ந்தார். “அஞ்ஞானிப் பேரு! அவ பேரையே வச்சிருக்கா!”

“அந்த அவசரத்துல எனக்கு வேதக்காரப் பேரு எங்குட்டு நெனப்புக்கு வரும்?” என்றாள் கிழவி. “பொம்பளப் பிள்ளை. எம் பேருதேன் கையில இருந்துச்சு. வச்சேன்.”

சாமியார் கையைக் காட்டி மிக்கேலை நிறுத்தினார். “பேரே வைக்காட்டாலும் செல்லும், உபதேசியாரே. நீங்க சொல்லுங்கம்மா, எதுக்காக அப்படிச் செஞ்சீங்க?”

“இவ கண்ணு முழிச்சா, எம் பிள்ளை எங்கன்னு கேப்பாளே சாமி? உங்க சாமிகிட்ட சேந்துருச்சுன்னு சொல்லணும்ல. அதுக்குத்தேன் செஞ்சேன். ஆனா உங்க உபதேசியாரு சொல்ல விடலையே.”

சாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு சொன்னார். “செல்லும்.”

பாக்கியம் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். சுருளியம்மா. அவள் பிள்ளைக்குப் பெயர் இருந்திருக்கிறது. ஆறு வருஷமாக இருந்திருக்கிறது.

“இது ஒண்ணுக்குத்தானா விசாரணை?” என்று கேட்டாள் கிழவி, துண்டை இன்னும் கையில் ஏந்தியபடி. “சுவருக்கு வெளிய கெடக்குற நாலு பிள்ளைக்கும் நாந்தேன் ஊத்துனேன்.”

மிக்கேலின் கை தூணைத் தேடிப் பிடித்தது. “லூர்து பிள்ளைக்குமா?”

“அதுக்கும்தேன். அன்னைக்கே உங்க வாசல்ல நின்னு சொன்னேனே. நீங்கதேன் கேக்காமக் கதவைச் சாத்துனீக.”

அவரைத் திட்டுவதற்கென்று பாக்கியம் ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒரு மூட்டை இருந்தன. நாடு சிரிக்கிற மாதிரி கேட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்க முடியவில்லை.

முப்பது வருஷ உபதேசியார், கிழவிக்கு முதல் தடவையாக மரியாதை போட்டுக் கேட்டார். “என் பேரனுக்கு... என்ன பேரு வச்சீக?”

“எங்க அய்யன் பேரு. வீரபாண்டி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த மண்ணை மந்திரிப்பதாகவும், சுவரைத் தள்ளிக் கட்டலாம் என்றும் சாமியார் சொல்லிப் போனார். மிக்கேல் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஊர் எழுந்தபோது கடப்பாரைச் சத்தம் கேட்டது. அறுபது வயசு மனுஷன், உதவிக்கு வந்தவர்களையெல்லாம் விரட்டிவிட்டுத் தனியாகச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். “வீரபாண்டி, வீரபாண்டி” என்று வாய் முனகியது.

அன்று பாக்கியம் வேலைக்குப் போகவில்லை. சுருளியம்மாளைத் தேடிப் போய், பஸ்ஸில் பேசாததற்குக் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, கூடவே அழைத்துக்கொண்டு வந்தாள். இடிந்த செங்கல்லைத் தாண்டிக் கள்ளிச்செடி ஓரம் போய் உட்கார்ந்தாள். மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். ஆறு வருஷமாகக் கூப்பிட ஒரு பெயர் இல்லாமல் அவள் அந்த இடத்தில் அழுதிருக்கிறாள்.

“சுருளியம்மா” என்று கூப்பிட்டாள்.

பின்னால் நின்ற கிழவி, “என்ன ஆத்தா?” என்றாள்.

“உங்களை இல்ல” என்றாள் பாக்கியம். “எம் மகளைக் கூப்பிட்டேன்.”