சுவரைப் பார்த்த பெஞ்சு

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு சந்துகள் கூடும் முனையில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை; அதற்காகத்தான் வங்காளம் வந்திருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அந்த மழைக்காலத்தில் அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். தம்பி வரவில்லை என்று மட்டும் அப்பா சொன்னார். எங்கே போனான் என்று கேட்கக் கூடாது என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு அம்மா படியிறங்கவில்லை. சமையல் முடிந்ததும் அடுக்களை ஜன்னலில் நின்றுகொண்டிருப்பாள். பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது. முக்கோணமாக ஒரு துண்டு நிலம், அதில் ஒரு கடம்ப மரம், மரத்தடியில் தெருவிலுள்ள அத்தனை வீட்டுக் குப்பையும். மீன் செதில் வாடை மாடிவரை வரும்.

அப்போதுதான் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, கட்டடக்கலை படித்தவள். சால்ட் லேக்கில் வேலை கிடைத்து எங்களோடு தங்கினாள். நகரத்தில் வீணாய்க் கிடக்கும் சின்ன மூலைகளை, போகிறவர் வருகிறவர் உட்காரும் இடமாக மாற்றித் தருவது அவள் கம்பெனி செய்த வேலைகளில் ஒன்று. பார்த்துவர ஊர் முழுக்க இடமிருக்க, அத்தை எங்கள் முனையைத் தேர்ந்தெடுத்தாள்.

"இதைப் போய் எதுக்கு எடுத்தே?" என்றார் அப்பா.

"இதுதான் அண்ணி ஜன்னல்லேருந்து தெரியுது."

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை அங்கே போய் நிற்பாள். நிழல் எங்கே விழுகிறது, யார் எங்கே நின்று பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, "என்ன தெரியுது?" என்று கேட்டாள். எதிர்ச் சாரியில் குழந்தைகள் டாக்டரின் கிளினிக் இருந்தது. ஊசி போடுவதற்காகக் கைக்குழந்தைகளோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அதைச் சொன்னேன். அத்தை ஸ்டூலை அப்படியே திருப்பினாள்.

"இப்போ?"

"வெறும் சுவரு."

"சரி," என்று சாக்பீஸால் அங்கே கோடு போட்டாள்.

சுவரைப் பார்த்து உட்கார எவன் வருவான் என்று, தெருவில் பூஜையும் விளையாட்டும் நடத்தும் கிளப்காரர்கள் கேட்டார்கள். அந்தப் பக்கம் திருப்பினால் வெயில் கண்ணில் அடிக்கும் என்றாள் அத்தை. அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். அம்மாவை அந்த வரிசையைப் பார்க்க விடாமல் காப்பதற்குத்தான் என்று பல வருடம் கழித்து அத்தையே சொல்லித் தெரிந்துகொண்டேன்.

குப்பை போயிற்று. செங்கல் பாவி, மரத்தைச் சுற்றி மண் விட்டு, ஒரு விளக்கும் இரண்டு பெஞ்சுகளும் வந்தன. பேப்பர் படிக்கும் தாத்தாக்கள் வந்தார்கள், நாங்கள் விளையாடப் போனோம். அம்மா வரவில்லை. அத்தை அவளைக் கூப்பிடவும் இல்லை.

குளிர்காலம் தொடங்கியிருந்த ஒரு மாலையில், பல தடவை கூப்பிட்டும் நான் மேலே போகாததால், என்னை அழைத்துப்போக அம்மா வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள். வந்தவள் சுவரைப் பார்த்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டாள் போல.

பெஞ்சின் மறுமுனையில் எதிர்வீட்டுக் காக்கிமா இருந்தார். அங்கே அம்மா வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களும் எனக்குக் காக்கிமாதான். இவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்ட கணவரை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர். மடியில் வைத்திருந்த ஆரஞ்சை உரித்து, பாதியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள்.

மறுநாளும் போனாள். பிறகு தினமும். அம்மாவுக்கு வங்க மொழி தெரியாது. காக்கிமாவுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. வீட்டில் "சாப்பிடு", "தூங்கு" என்பதற்கு மேல் பேசாத அம்மா அங்கே நிறையப் பேசினாள்.

"அவனுக்கு முடி எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? நெத்தி வரைக்கும்," என்பாள். காக்கிமா தலையாட்டுவார். பிறகு அவர் தன் மொழியில் ஆரம்பிப்பார். அம்மா "ம்" கொட்டுவாள்.

எனக்கு இரண்டும் புரியும். கணவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பதாகவும், சில நாள் அது வராமலிருந்தால் தேவலை என்று தோன்றுவதாகவும் காக்கிமா ஒருநாள் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு முக்கியமான விஷயம் புரியாமல் போகிறதே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

"அம்மா, அவங்க என்ன சொல்றாங்கன்னு சொல்லட்டா?"

"வேண்டாம்டி. நீ போய் வெளையாடு."

அடுத்த சரத்காலத்தில், மழை ஓய்ந்ததும், துர்கா பூஜை வந்தது. பந்தலுக்குப் போகும் மூங்கில் வளைவை அந்த முனையில் நிறுத்த வேண்டும் என்று கிளப்காரர்கள் பெஞ்சுகளைக் கழற்றினார்கள். தேவி வந்தாள், விளக்குகளுக்கு நடுவே இருந்தாள், கொட்டு முழக்கோடு கங்கையில் கரையப் போனாள். பெஞ்சுகள் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நின்றன. அத்தை கிளப்புக்கு நடையாய் நடந்தாள். "ஹோபே, திதி, ஹோபே," என்றார்கள். ஆகும் அக்கா, ஆகும் என்று அர்த்தம். கம்பெனிக்கும் அதில் அக்கறை போய்விட்டிருந்தது. ஆகுமுன் அத்தையை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவும் காக்கிமாவும் சில நாள் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்று பார்த்தார்கள். வண்டி எடுக்க வருகிறவர்களுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று போகிறவர்கள் கேட்டார்கள். மெல்ல மெல்ல இருவரும் வருவது நின்றது. அம்மா மறுபடி பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு பெஞ்சு போனதற்காக ஏன் இருவரும் பார்க்காமலிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. எதிரெதிர் வீடு. ஒருநாள் நானே தெருவைக் கடந்து போய், அம்மா கூப்பிடுவதாகக் காக்கிமாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கஞ்சி போட்ட புடவை உடுத்தி, கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி வைத்திருந்தார். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு எதிரே அமர்ந்தார். அம்மா விருந்தாளிகளுக்கான கோப்பைகளை எடுத்தாள்.

"அவர் உடம்பு எப்படி இருக்கு?" என்று அப்பா இந்தியில் விசாரித்தார். கணவர் நன்றாக இருப்பதாகக் காக்கிமா சொன்னார்.

"சர்க்கரை போதுமான்னு கேளுடி," என்றாள் அம்மா.

கேட்டேன். போதும் என்றார். இவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவரிடமும் ஒன்றுவிடாமல் மாற்றிச் சொன்னேன். எல்லாம் எல்லோருக்கும் புரிந்தது. தேநீர் தீர்வதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது.

காக்கிமா எழுந்து, இன்னொரு நாள் வருகிறேன் என்றார். வாசல்வரை போன அம்மா அவர் கையைத் தொட வந்து, அப்பா பின்னால் நிற்பதைப் பார்த்துக் கும்பிட்டாள். காக்கிமாவும் கும்பிட்டார். அதன் பிறகு அவர் வரவில்லை. அம்மாவும் அங்கே போகவில்லை.

எனக்கு அன்று ஏகப்பட்ட பெருமை. மின்விசிறி, மெத்தை போட்ட நாற்காலி, தேநீர், மொழிபெயர்க்க நான். இதற்கு மேல் என்ன வேண்டும்? மிச்சமிருந்த சந்தேஷைத் தின்றபடியே அடுக்களைக்குப் போனேன். அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, இனிமே பெஞ்சே தேவையில்ல," என்றேன்.

அவள் குழாயை மூடவில்லை. முகத்தை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் தெறித்துவிட்டது என்று நினைத்தேன்.