திவாகரன் அழகுபடுத்திய ஈ

ஆரையம்பதியில் கலியாணம் என்றால் படம் எடுப்பது திவாகரன். அவன் பெயர் எடுத்ததற்குக் காரணம் கமெரா அல்ல, அதற்குப் பிறகு கம்பியூட்டரில் அவன் செய்யும் வேலை. மாப்பிள்ளையின் பருவைத் துடைப்பான், பெண்ணின் மேலுதட்டுப் பூனைமுடியை எடுப்பான், மாமியாரின் வயதில் பத்தைக் குறைப்பான். அவனுடைய ஸ்டூடியோவுக்குப் பக்கத்துக் கடை என்னுடைய கூல் பார். பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன், ஆள் தங்கம். ஆனால் ஒரு முகத்தையும் உள்ளபடி விடமாட்டான். அவன் எடுத்துத் தந்த என் படத்தைப் பார்த்து, இது யாரென்று என் மனைவியே கேட்டிருக்கிறாள்.

வேலையில்லாத நாட்களில், தாலியையும் மோதிரத்தையும் கிட்டத்தில் எடுக்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு பூச்சிகளை எடுப்பான். முகநூலில் பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் கூடும் குழு ஒன்று இருக்கிறது. படத்தை அதில் போட்டால் எங்கெங்கோ இருந்து பெயர் சொல்வார்கள். எங்களுக்கு அது வாயில் நுழையாது. ஆனாலும் அன்று முழுக்க அவனுக்குச் சந்தோசம்.

போன பெரும்போகப் பயிர்க்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, அவன் மனைவியின் தமையன் வினாயகமூர்த்தி ஒரு ஜாம் போத்தலோடு வந்தார். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் அவருக்கு நாலு ஏக்கர் நெல் வேளாண்மை. அந்த வயல் வட்டை முழுக்கப் பயிரைத் தின்னும் படைப்புழு விழுந்திருந்தது. போத்தலுக்குள் ஒரு சாம்பல் நிற ஈ.

“மச்சான், இந்த இலையான்தான் அங்க பறக்குது. புழுவுக்கு மேல குந்தி முட்டை போடுது. இதுதான் புழுவப் பெருக்குதெண்டு சனம் சொல்லுது. வெள்ளிக்கிழமை மருந்தடிக்கப் போறன்.”

“அவசரப்படாத மச்சான். சில இலையான்ட குஞ்சு புழுவுக்குள்ள போய் அதத் தின்னுமாம். அப்பிடியெண்டா இது உனக்குக் காவல். மருந்தடிச்சா காவலும் செத்துரும். கேட்டுச் சொல்றன்.”

விவசாயப் போதனாசிரியர் லீவில் இருந்தார். ஆக, இந்த ஈ காவலா களவாணியா என்ற ஒரு பதிலில்தான் நாலு ஏக்கரும் தொங்கியது.

ஈ அசையாமல் இருக்கவேண்டும் என்று என் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போத்தலை வைத்தான். விறைத்துப்போனதும் எடுத்து, வெள்ளைத் துணியில் கிடத்தி, நாலு பக்கமும் வெளிச்சம் போட்டுப் படம் பிடித்தான். படம் குழுவுக்குப் போனது. பிறகு தொடங்கியது குழப்பம்.

ஒருவர், வீட்டு ஈ என்றார். இன்னொருவர், முதுகில் கோடுகள் இருப்பதால் கட்டாயம் வீட்டு ஈ என்றார். ஜப்பானில் ஒரு கிழவர் மட்டும், முதுகின் பின்பக்கத்துப் புடைப்பு புழுவுக்குள் வளரும் ஒட்டுண்ணி ஈயுடையது, வழுவழுப்பான வயிறோ அதனுடையது அல்ல, இப்படி ஒரு ஈயைத் தான் கண்டதே இல்லை என்று எழுதினார். நாலாவது ஆள், இது கம்பியூட்டர் தானாகச் செய்த பொய்ப்படம் என்றார். திவாகரனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஐஸ்கிறீம் பெட்டிக்குள் கிடந்த ஈயை நானே கண்ணால் பார்த்தவன். எனக்கும் தலை சுற்றியது.

புதன்கிழமை அவன் மச்சானுக்குப் போன் பண்ணினான். “ஒண்டும் சரியா விளங்கல்ல. கூடுதல் பேர் வீட்டு இலையான் எண்டுதான் சொல்றாங்க.”

“அப்ப அடிக்கட்டா?”

“அடி மச்சான்.”

வியாழன் பின்னேரம், களுவாஞ்சிகுடியில் எடுத்த கலியாணப் படங்களோடு உட்கார்ந்திருந்தான். நான் சர்பத் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் ஜப்பான் கிழவரின் கேள்வி வந்தது. வயிற்றில் முள்ளு முள்ளாக நிற்கவேண்டிய முடிகள் எங்கே, யாராவது மழித்துவிட்டீர்களா?

திவாகரன் வாசித்தான். திரையில் மணப்பெண்ணின் முகம் பெரிதாக நின்றது, பாதி உதட்டில் பூனைமுடி போயிருந்தது, பாதியில் இருந்தது.

“அண்ணன், நான்தான் மழிச்சன்” என்றான். “ஊத்தையெண்டு நினைச்சு கம்பியூட்டர்ல எல்லாத்தையும் துடைச்சிட்டன்.”

துடைக்காத முதற்படம் கையில் இல்லை. கலியாணத்துக்காக மெமரி கார்டை அழித்திருந்தான். ஈயை என் மனைவி கண்டு, போத்தலோடு குப்பையில் போட்டிருந்தாள். வினாயகமூர்த்தியின் போன் வேலை செய்யவில்லை.

வெள்ளி காலை என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தைக் கடந்தான். நாங்கள் போய்ச் சேரும்போது எட்டரை மணி, வெயில் ஏறியிருந்தது. மூன்று ஏக்கர் அடித்து முடிந்திருந்தது. திவாகரன் சப்பாத்தோடு சேற்றில் இறங்கிக் கையை ஆட்டிக் கத்தினான். வினாயகமூர்த்தி மருந்தடிக்கும் மெசினை நிறுத்தினார். இவன் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். அவருக்கு விளங்கியதோ தெரியாது, என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடிக்காத நாலாவது ஏக்கரில் ஒரு ஈயைப் பிடித்து, எடுத்தபடியே படத்தை அனுப்பினான். பத்து நிமிடத்தில் கிழவர் எழுதினார். ஒட்டுண்ணி ஈதான், இதன் குஞ்சு படைப்புழுவை உள்ளிருந்து தின்று கொல்லும், தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள்.

அதைத் திவாகரன் உரக்க வாசித்தான். வினாயகமூர்த்தி மெசினை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அடித்து முடித்த வயலுக்குள் இறங்கினார். குனிந்து ஒரு பயிரை அடியில் விரித்துப் பார்த்தார். வெயிலுக்கு ஒளித்துக் கீழே சுருண்டு கிடந்த புழுக்கள் நெளிந்தன. இன்னொன்றை விரித்தார். அங்கேயும் நெளிந்தன. வயல் தண்ணீர் முழுக்க எள்ளுக் கொட்டியதுபோல ஈக்கள் மிதந்தன.

“இலையான் மட்டுந்தான் செத்திருக்கு” என்றார்.

திவாகரன் அழுதுவிட்டான். “என்னய ஏசு மச்சான். வாய்க்கு வந்தபடி பேசு.”

வினாயகமூர்த்தி தண்ணீரில் மிதந்தவற்றில் ஒரு பிடியை அள்ளி அவனிடம் நீட்டினார்.

“பேசினா இதுகள் எழும்புமா?”