தம்பியிடம் கொடுத்த ஓட்டு

தலையில் தண்ணீர் தெளித்து, கழுத்தில் துணியைக் கட்டி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியதும் கத்திரி அக்கா கேட்கிற முதல் கேள்வி முடியைப் பற்றியது அல்ல. "இந்தத் தடவை யாருக்கு?" பாதி வெட்டிய தலையோடு யாரும் எழுந்து ஓட முடியாது. "கட்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டா எவ வர்றா? இங்க தானா வந்து உக்காந்துடுறாங்க" என்று சிரிப்பார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே அவருடைய முடிதிருத்தகம். இரண்டு நாற்காலிகள், ஒன்று ஆடும். கண்ணாடி ஓரத்தில் சின்னக் கட்சியின் ஒட்டுப்படம். அந்தக் கட்சி இந்தத் தொகுதியில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. தோற்ற மறுநாளும் அக்கா பளிச்சென்று உதட்டுச்சாயம் பூசிக்கொண்டுதான் கடை திறப்பார்.

பக்கத்துத் தொகுதியில் இருக்கும் தம்பி பேருந்து ஓட்டுநர். பெரிய கட்சிக்காரர். கூலி, வாடகை, வைத்தியம் என்று இரண்டு கட்சிகளும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். சண்டை ஓயாததற்கும் அதுவே காரணம்.

"உங்காளுங்க எல்லாத்தையும் பாதியில விட்டுடுவாங்கடா."

"உங்காளுங்க ஆரம்பிக்கவே மாட்டாங்களேக்கா."

போன தேர்தலில் அக்காவின் தொகுதியில் இரண்டு கட்சிகளும் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, இருவருக்கும் ஆகாத மூன்றாமவர் நோகாமல் ஜெயித்தார். வந்த வேகத்தில் பொது மருத்துவமனையின் பிரசவ வார்டை மூடினார். "ஓட்டைப் பிரிச்சது நீங்கதான்" என்று தம்பி சொன்னபோது அக்கா விடவில்லை. "ஏன், நீங்க விட்டுக்கொடுத்திருக்கலாமே?"

அப்படிப் பேச முடியாமல் போனது ஒரு வாடிக்கையாளரிடம்தான். பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறவர். மகளுக்கு ஆம்புலன்சிலேயே பிரசவமாகிவிட்டது என்றார். பிள்ளை பிழைத்துக்கொண்டது; மகள்தான் இன்னும் எழுந்து நடமாடவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. "போன தடவை நானும் நீங்க சொன்ன கட்சிக்குத்தான் போட்டேன்" என்று மட்டும் சொன்னார். அக்காவின் கத்திரி அப்படியே நின்றது. அன்று அந்தக் கடையில் அரசியல் இல்லை.

தேர்தல் நெருங்கியபோது தம்பியே போனில் பேச்செடுத்தார். "இங்க எங்க தொகுதியில அந்த ஆளோட கட்சியை உங்க கட்சிதான் தோற்கடிக்க முடியும். அங்க உங்க தொகுதியில எங்க கட்சி. நீ எனக்காக அங்க போடு, நான் உனக்காக இங்க போடுறேன்."

"ஓட்டு என்ன குடையா, மாத்தி எடுத்துக்கிட்டுப் போக?" அக்கா போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "சத்தியமா போடுவியா?"

"சத்தியமா."

"பிள்ளைங்க மேல?"

"அவங்களை ஏன்க்கா இழுக்கிறே? என் மேல."

வாக்குச்சாவடியின் மறைப்புக்குள் கை பழக்கத்தில் தன் சின்னத்துக்கே போனது. இழுத்துப் பிடித்து, பெரிய கட்சிக்குப் போட்டார். வெளியே சின்னக் கட்சித் தோழர் ஒருவர், "நம்ம ஓட்டு ஒண்ணு விழுந்தாச்சு!" என்று தேநீரை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார். தோழர் அந்தப் பக்கம் திரும்பியதும், குடிக்காமல் கீழே வைத்துவிட்டு நடந்தார்.

அக்காவின் தொகுதியில் மூன்றாமவர் தோற்றார். வார்டைத் திறப்பது, ஜெயித்த பெரிய கட்சிக்காரரின் முதல் பேச்சாக இருந்தது. தம்பியின் தொகுதியில் மூன்றாமவரின் கட்சியே வந்தது. சின்னக் கட்சி மயிரிழையில் கோட்டைவிட்டிருந்தது. பெரிய கட்சிக்காரர்கள் பலருக்குக் கடைசி நேரத்தில் சின்னக் கட்சிக்குப் போட மனசு வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அக்கா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

அந்த வார விடுமுறையில் தம்பி முடி வெட்டிக்கொள்ள வந்தார். அக்கா வெட்டி, தலையை அலசி, துண்டால் துவட்டி உட்காரவைத்தார். தம்பி கண்ணாடிக்குள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா... அன்னைக்கு பூத்துக்குள்ள நான்..."

அக்கா முடி உலர்த்தியை எடுத்து ஓடவிட்டார். அந்த இரைச்சலில் கண்ணாடிக்குள் தம்பியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அக்கா அதைப் பார்க்காமல், அவருடைய ஈரத் தலையைக் கோதிக்கொண்டே, வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டினார்.