நான் மறைத்த சிவப்புக் கட்டம்

போன கோடையில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். நாங்கள் அடுப்படியில் இருக்கும்போது அவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால்? கேமரா வைக்கலாம் என்றால், துணி மாற்றுகிற, உடம்பு துடைக்கிற இடம், மனசு ஒப்பவில்லை. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவன், சும்மா இருப்பேனா? ஆன்லைனில் ஒரு வெப்ப சென்சார் வாங்கினேன். அதில் முகம் தெரியாது. எது சூடு, எது குளிர்ச்சி என்பதை மட்டும் எழுநூற்று அறுபத்தெட்டு சின்னச் சின்னக் கட்டங்களில் நிறமாகக் காட்டும். அதை ஒரு விரல் நீள மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இணைத்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் திருகி மாட்டினேன். அடுப்படித் திரையில் அப்பா மஞ்சள் உருவமாகப் படுத்திருப்பார். இடம் விட்டு நகர்ந்தால் பஸ்ஸர் அடிக்கும். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறைதான், அவ்வளவு பெருமை எனக்கு.

ஒரே ஒரு உறுத்தல். தலைமாட்டுக்கு மேலே ஒரு கட்டம் மட்டும் எப்போதும் சிவப்பாகவே நின்றது. இந்த மாதிரி சென்சாரில் ஒன்றிரண்டு கட்டங்கள் பழுதாக வருவது சகஜம். எல்லோரும் செய்கிற வைத்தியத்தைத்தான் நானும் செய்தேன். அந்தக் கட்டத்தை மறைத்துவிட்டு, சுற்றியிருப்பவற்றின் சராசரியைக் காட்டும்படி புரோகிராமில் நான்கு வரி எழுதினேன். படம் பளிச்சென்று ஆகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் அப்பா எங்களைப் படுத்தத் தொடங்கினார். தலையணையைத் தள்ளிவிட்டு, இடது கையை ஊன்றி ஊன்றிக் கால்மாட்டுப் பக்கமே நகர்வார். பஸ்ஸர் அடிக்கும். நான் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துப் போடுவேன். “செத்த நேரம் சும்மா கெடக்க மாட்டீங்களாப்பா?” என்று கத்தியும் இருக்கிறேன். புழுக்கமாக இருக்குமோ என்று ஏசியை இன்னும் குளிர வைத்தேன். அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போய் வந்ததும், அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். விரிப்பு மாற்றக் கட்டிலை இழுத்த மனைவி சுவரில் கையை ஊன்றினாள்.

“யேசுவே! ஏங்க, இங்கன ஓடியாங்க! சுவரு கொதிக்குது!”

“ஏசி ரூம்ல சுவரு எப்படிக் கொதிக்கும்? ஒனக்கு வேற வேலையில்ல” என்று முனகிக்கொண்டே போய்த் தொட்டவன், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். பழைய ஸ்விட்ச் போர்டு இருந்த இடம் அது. மூடி போட்டு, மேலே பெயிண்ட்டும் அடித்து, அப்படி ஒன்று இருப்பதையே மறந்திருந்தோம்.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். லேப்டாப்பைத் திறந்து சென்சாரின் வயரை அதில் மாட்டி, அந்த நான்கு வரிகளை எடுத்தேன். அதே இடத்தில் சிவப்பு. சென்சாரின் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பினேன். கட்டம் பழுதாக இருந்தால் சிவப்பு திரையில் அங்கேயே நின்றிருக்க வேண்டும். அது நகர்ந்தது. அப்படியென்றால் கட்டம் பழுதில்லை, சுவர்தான் இத்தனை நாளும் சுட்டிருக்கிறது. ஒரு நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய சோதனை. லேபில் மாணவர்களுக்கு நானே வாய் கிழியச் சொல்வது.

எலெக்ட்ரீஷியன் வந்து மூடியைத் திறந்தார். கருகல் நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளிருந்த பிளாஸ்டிக் பெட்டி உருகிக் கிடந்தது.

“ஏசிக்குப் போற ஜாயிண்ட்டு லூசா கெடந்து பழுத்திருக்கு சார். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அய்யா தலமாட்டுலதேன் தீப் புடிச்சிருக்கும்” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா எங்களைப் படுத்தவில்லை. அவருக்கு நாக்குதான் முடங்கியிருந்தது, மூக்கு முடங்கவில்லை. அந்த நாற்றம் எங்களுக்கு முன்னாலேயே தெரிந்து, தப்பிக்கத்தான் நகர்ந்திருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் இழுத்து, அந்த நெருப்புக்குக் கீழேயே அவர் தலையை வைத்திருக்கிறேன். அவர் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் இடது கையால் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அந்தக் கருவி இப்போதும் ஓடுகிறது, ஒரு கட்டத்தையும் மறைக்காமல். எனக்குப் புரியாத எதையாவது ‘பழுது’ என்று தள்ளப் போகும்போதெல்லாம், உயிர் பிழைக்க நகர்ந்த மனிதரைத் திரும்பத் திரும்ப நெருப்புப் பக்கம் இழுத்த என் இரண்டு கைகள்தான் கண்முன் வருகின்றன.