வானத்தை அறுத்த மிஷின்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற ஷர்மிளாவுக்கு ஆறு நாள் தையல் மிஷின், ஏழாம் நாள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள். பதினோரு வருஷமாக அப்படித்தான். தனியாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது என்பாள்.

வேலூரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஒரு சேதி கேட்டு வந்தாள். எபிரெயர் பாபிலோனில் சிறையிருந்தார்களே, அந்த ஊர்க்காரருக்கும் ஒரு படைப்புக் கதை உண்டாம். அதிலும் முதலில் தண்ணீர்தான். கடலாய்க் கிடந்த பெண் தெய்வத்தை இன்னொரு தெய்வம் கொன்று, இரண்டாய்ப் பிளந்து, ஒரு பாதியை வானமாக விரித்ததாம். பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமே. தடித்த தோலை ஸ்ப்ளிட்டிங் மிஷினில் விட்டால் கத்தி நடுவே ஓடி மேல்தோல் ஒன்று, அடித்தோல் ஒன்றாக வருமே, அப்படி என்றாள். அதுதான் வினையாயிற்று. சபை மூப்பர் இன்பராஜின் பேத்தி நந்தினி வீட்டுக்குப் போய், ஆண்டவர் வானத்தை ஸ்ப்ளிட்டிங் மிஷினில் அறுத்தார் என்று சொல்லிவிட்டாள்.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர் கூப்பிட்டார். வேற்று சாமி கதை சொல்லுகிறவளுக்கு வகுப்பு எதற்கு, இனி பாடகர் குழுச் சாமுவேல் எடுக்கட்டும் என்றார்.  ஷர்மிளா தலை குனியவில்லை.

"பக்கத்து ஊட்டுக் கதை தெரிஞ்சாத்தான் நம்ம கதை அருமை தெரியும்யா. அவுங்க சாமிங்களுக்கு வேல செஞ்சி அலுத்துப்போச்சாம். அத சுமக்கத்தான் மனுசன உண்டாக்குச்சிங்களாம். நம்ம கதையில சண்டையே இல்ல, ஆண்டவரு சொன்ன ஒரு வார்த்ததான். மனுசன தன் சாயலா செஞ்சாரு. வேலைக்காரனுக்கும் ஏழாம் நாள் ஓய்வுன்னாரு."

இன்பராஜ் முப்பது வருஷம் அதே ஸ்ப்ளிட்டிங் மிஷினில் நின்றவர். கப்பலுக்குச் சரக்கு அவசரமென்றால் ஞாயிறும் போயாக வேண்டும். எத்தனை நற்கருணை தவறியது என்று அவருக்குத்தான் தெரியும். 

"வானத்துக்கு எந்தப் பாதிய வச்சானுங்க? மேல்தோலா, அடித்தோலா?"

"அது சொல்லலீங்கய்யா."

"மேல்தோலாத்தான் இருக்கும். அடித்தோல் தாங்காது."

வகுப்பை அவளே எடுக்கட்டும், மிஷின் பேச்சை மட்டும் விடட்டும் என்றார். ஷர்மிளா ஒப்பவில்லை. மிஷின் இருக்கும், யார் கதையில் வருகிறது என்பதை இரண்டு தரம் சொல்லுவேன் என்றாள்.

அடுத்த வாரம் பின் பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவே மூப்பர் உட்கார்ந்திருந்தார். மிஷின் பேச்சு வந்ததும் கையைத் தூக்கினார். கத்தி ஓடுகிற இடத்தை அவள் தப்பாகச் சொல்லிவிட்டாளாம்.