ஐரீன் கல்லுக்கு ஒரு மல்லி

காசிமேடு கல்லறைக்கு எதிரே கஸ்பாரின் கல்கடை. அங்கே பூ வரைகிறவள் ஜூடி. முன்பெல்லாம் அந்தக் கடையில் யாருக்குக் கல் செய்தாலும் ஒரே ரோஜாதான், ஒரே அச்சு. ஜூடி வந்து அந்த வழக்கத்தைக் கெடுத்தாள். செத்தவர் வீட்டுச் செடியையே கொண்டுவரச் சொல்வாள். இலை நரம்பைக்கூட விடாமல் எண்ணி, வாட்டர் கலரில் அப்படியே வரைவாள். அதைப் பார்த்து கஸ்பார் கருங்கல்லில் கொத்துவார். இப்போது போய்ப் பாருங்கள், செம்பருத்தி, நித்தியகல்யாணி, ஒரு மீன்காரம்மாவுக்கு முருங்கைப்பூகூட உண்டு. ஆனால் ஜூடியிடம் ஒரு பொல்லாத பிடிவாதம். கண்ணால் பார்க்காததை வரையவே மாட்டாள்.

போன அக்டோபரில் பிராங்கிளின் வந்தார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி ஐரீன் ஆகஸ்டில்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். பெயின்ட் டப்பாவில் அவள் வளர்த்த மல்லிச்செடியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள், அதற்குள் கல் நட வேண்டும். செடியிலோ மருந்துக்குக்கூட ஒரு மொட்டு இல்லை. அவள் போனபிறகு அதற்குத் தண்ணீர் ஊற்ற மனுஷனுக்குத் தோன்றவில்லை, பாவம்.

“பூ இல்லியேண்ணே.”

“மார்க்கெட்ல ரெண்டு முழம் வாங்கியாரட்டா?”

“அது அவங்க செடிப்பூ இல்லியே.”

பிராங்கிளினுக்கு வந்ததே கோபம்! “இன்னா ஜூடி, எல்லார் கல்லுலயும் பூ கீது. என் பொண்டாட்டி மட்டும் மொட்டைக் கல்லுக்குக் கீழ படுத்துகினு இருக்கணுமா?” கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஆனாலும் பொய்யாய் ஒரு பூ வரைய ஜூடிக்குக் கை வரவில்லை.

“செடிய வுட்டுட்டுப் போங்கண்ணே” என்றாள்.

நாலு நாள் உட்கார்ந்து அந்த வாடின செடியையே வரைந்தாள். ஐந்தாம் நாள் பிராங்கிளின் வந்து தாளைப் பார்த்தார். இலை, கிளை, கிளை நுனிகளில் குட்டைக் குட்டையாய்க் காய்ந்த காம்புகள். பூ இல்லை. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“இது இன்னா, குச்சி குச்சியா?”

“பூவக் கிள்ளுன எடம்ணே. முப்பத்தொண்ணு கீது. எல்லாமே ஒரே மாதிரி சாய்வா கிள்ளியிருக்கு. வூட்ல யாரு பறிப்பாங்க?”

“வேற யாரையும் தொட வுட மாட்டா. மாதா சுரூபத்துக்குன்னு தெனம் அவளே…”

பிராங்கிளின் தாளில் இருந்த காம்புகளை விரல் வைத்து ஒவ்வொன்றாய் எண்ணினார். எண்ணி முடித்ததும், “இதயே கொத்தச் சொல்லு. ஒண்ணுகூடக் கொறையக் கூடாது” என்றார்.

கல்லறைத் திருநாளன்று மருமகள் வினிதா மல்லிச் சரத்தைக் கல்லின்மேல் சாத்தப் போனாள். பிராங்கிளின் பதறிப்போய்த் தடுத்தார்.

“கால்மாட்டுல வை தாயி. அத மூடாத. அங்க அவ கை கீது.”