மச்சான் பிடித்த கயிறு

புருஷனைத் தேன் கொண்டுபோன பிறகு வேறொருத்தியாக இருந்தால் தேனீ என்ற பேச்சையே காதில் வாங்கியிருக்க மாட்டாள். செல்லியோ, புதூர்நாட்டில் தேனீ வளர்க்கப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். ஊர் வாய்க்கு அன்று வேறு தீனி இல்லை. புருஷன் சின்னராசு வாழ்நாளெல்லாம் எதன் பின்னால் அலைந்தானோ, அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அவ்வளவுதான் விஷயம்.

பயிற்சி கொடுத்த குமரேசன் எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொல்லியனுப்பினார். வாரம் ஒருமுறை திறந்தால் போதும், வெயில் இருக்கும்போது மட்டும் திற, புகையைக் கொஞ்சமாகக் காட்டு, அடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கினால் பெட்டிக்கு நேர் மேலேயே பிடித்துப் பார். அடையின் அறைகளுக்குள் வெள்ளையாக முட்டை தெரிந்தால் ராணி நலமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

செல்லி ஒன்றையும் கேட்கவில்லை. பலா மரத்தடியில் பெட்டியை வைத்த நாளிலிருந்து, அடுப்பில் சோறு வேகிறதா என்று பார்ப்பதுபோல, தோன்றும்போதெல்லாம் மூடியைத் தூக்கினாள். முட்டை அவள் கண்ணில் படவே இல்லை; செல்போன் டார்ச்சை அடித்துத் தேடினாள். ராணியை ஒருமுறை பார்த்துவிட்டு, நீட்டு வயிறும் நிதான நடையுமாக அது போவதைக் கண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஆட்டிடம் போய்ச் சொன்னாள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்க வேறு யார் இருந்தார்கள்?

அண்ணன் இருந்தான். நாலு வீடு தள்ளி. கண்ணாயிரம். அவனோடுதான் அவள் பேசுவதில்லை.

அவர்கள் ஊரில் பாறைத்தேன் எடுக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவன் பிடிக்கக் கூடாது. பங்காளிக்கு மனசில் ஆயிரம் இருக்கும். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ பிடித்தால், பிடிப்பது தங்கச்சியின் தாலி. செத்தாலும் விடமாட்டான். அந்த நம்பிக்கையில்தான் சின்னராசு கண்ணாயிரத்தின் கயிற்றில் வருஷா வருஷம் இறங்கினான். அன்றும் இறங்கினான்.

பாறை விளிம்பில் உரசிக் கயிறு அறுந்துவிட்டது என்று கண்ணாயிரம் எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். செல்லி நம்பவில்லை. பிணத்தோடு சுற்றி வந்த கயிற்றை அவிழ்த்தவள் அவள். அதில் அறுந்த முனை என்று ஒன்றுமே இல்லை. முடிச்சிலிருந்து நுனிவரை முழுசாக இருந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் அவனைச் சும்மா விடாது. கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட்டாள். அண்ணன் தன் வாயாலேயே வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் வரவில்லை. வாசலில் சாமை மூட்டையை வைத்துவிட்டுப் போவான். அவள் அதைத் தொடமாட்டாள். கோழிகள் ஓட்டை போட்டுத் தின்று தீர்க்கும். அவன் சொன்னால் என்னவெல்லாம் கேட்க வேண்டும், எப்படியெல்லாம் திட்ட வேண்டும் என்று களை பறிக்கும்போது வாய்க்குள்ளேயே பேசிப் பழகிக்கொண்டாள்.

அப்படி இருக்கையில்தான் அந்தத் தூறல் நாள் வந்தது. மழைக்கு ஈக்கள் சிடுசிடுப்பாக இருக்கும் என்று குமரேசன் சொல்லியிருந்தார். அவள் திறந்தாள். நடுச் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்காகப் பெட்டியை விட்டு விலகித் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே ஒன்று கொட்டியது. சட்டம் கல்லில் விழுந்து அடை நொறுங்கியது. அள்ளி எடுத்தபோது, நசுங்கிய மெழுகுக்குள் அந்த நீட்டு வயிறு அசையாமல் கிடந்தது.

அதன் பிறகு பெட்டியின் சத்தமே மாறிவிட்டது. முன்பு நிதானமாக ரீங்காரம் கேட்கும். இப்போது இழவு வீட்டில் பெண்கள் ஓய்ந்துபோய் முனகுவதுபோல் ஒரு இரைச்சல். நாட்கள் போகப் போக ஈக்கள் குறைந்தன. அந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. ஒரு மதியம் நாலு வீடு நடந்துபோய், பெட்டியைப் பார்க்க வருகிறாயா என்று வாசலில் நின்றபடியே கேட்டாள். கண்ணாயிரம் செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பினான்.

பெட்டிப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான். மூடியைத் திறந்தான். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னா ஆச்சு என்றான்.

"சட்டத்தத் தூக்கினு இருந்தேன். கண்ணாண்ட ஒண்ணு கொட்டிச்சி. கை தானா வுட்டுட்ச்சிண்ணா. நான் வுடணும்னு வுடல."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அண்ணன் சட்டத்தை மெதுவாக உள்ளே இறக்கினான். மூடியை எடுத்துப் பெட்டிமேல் பொருத்தினான்.

"பூச்சி மூஞ்சியெல்லாம் மூடிக்கிச்சி, செல்லி. கயிறு அறுவல. நான்தான் வுட்டேன்."

இதற்காகத்தான் அவள் இத்தனை நாளும் காத்திருந்தாள். பழகி வைத்த திட்டுகள் ஒன்றாவது வரும் என்று நின்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சட்டம் விழுந்த கல்தான் கண்ணில் பட்டது. தன் கையையும் பார்த்தாள்.

"தெர்யும்" என்றாள். "அன்னிக்கே தெர்யும்."

கண்ணாயிரம் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதான். அவளும் அழுதாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது? சின்னராசு இருந்திருந்தால் சொல்லியிருப்பான்.

நொறுங்கிய அடையோடு முட்டையும் போய்விட்டது, புது ராணி வளர்க்கக் கூட்டில் வேறு முட்டை இல்லை என்று பிற்பாடு அவன் சொன்னான். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, இருக்கிறவரைக்கும் இருக்கும் என்றான். அவள் உள்ளே போய்ச் சாமைச்சோறு போட்டுக் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டானே தவிர, சாப்பிட முடியவில்லை. அவன் கையில் தட்டு சாய்ந்தது. விழுந்துவிடாமல் செல்லி மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.